ஒரே தகவல், நான்கு காம்பொனென்ட்: ரெடக்ஸா, ஜுஸ்டாண்டா, காண்டெக்ஸ்டா?

கிடங்குத்திரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ரியாக்ட் 18-இல் (திரையைக் காம்பொனென்ட் எனும் துண்டுகளாகக் கட்டும் லைப்ரரி) ஒரு சரக்கு இருப்புத் திரை கட்டிக்கொண்டிருக்கிறோம். இடப்பக்கம் ஃபில்டர் பலகை: கிடங்கு, பொருள் வகை, தேடல் பெட்டி. நடுவில் பொருள்களின் அட்டவணை. ஒரு வரியைத் தட்டினால் வலப்பக்கம் அந்தப் பொருளின் விவரமும் திருத்தும் படிவமும் வரும். மேலே தலைப்பட்டையில் "இருப்பு குறைவு" என்று ஒரு சிவப்பு எண். நான்கு இடமும் ஒரே தகவலைத்தான் பார்க்கின்றன.

முதலில் எல்லாவற்றையும் மேலே இருக்கும் ஆப் காம்பொனென்ட்டில் வைத்து ப்ராப்ஸாக, அதாவது தாய்க் காம்பொனென்ட் பிள்ளைக்குக் கொடுக்கும் மதிப்பாக, இறக்கிக்கொண்டிருந்தோம். ஐந்தாறு அடுக்கு தாண்டிப் போக வேண்டியிருந்ததால் குழுவில் எல்லாருக்கும் சலித்துவிட்டது. பிறகு ஒரு காண்டெக்ஸ்ட் (இடை அடுக்குகளைத் தாண்டித் தகவலைக் கொடுக்கும் ரியாக்ட் வசதி) போட்டு, பொருள் பட்டியல், தேடல் சொல், தேர்ந்தெடுத்த பொருள், குறைவு எண்ணிக்கை, உள்நுழைந்தவர் விவரம், தீம் எல்லாம் அதிலேயே வைத்திருக்கிறோம்.

இப்போது இரண்டு சிக்கல். தேடல் பெட்டியில் தட்டினால் எழுத்து தாமதமாக விழுகிறது. இன்னொன்று, படிவத்தில் இருப்பைத் திருத்திச் சேமித்தால் அட்டவணை மாறுகிறது, மேலே சிவப்பு எண் மாறுவதில்லை. சில நேரம் வலப்பக்க விவரத்திலும் பழைய அளவே நிற்கிறது. தகவலை ஸ்டோர் என்ற ஒரு பொது இடத்தில் வைக்கும் லைப்ரரிகளில் ஒருவர் ரெடக்ஸுக்குப் போகலாம் என்கிறார், இன்னொருவர் ஜுஸ்டாண்ட் போதும் என்கிறார். எதற்கு மாறுவது?

பச்சைப்புள்ளி எழுதியது:

ரெடக்ஸ் டூல்கிட் (ரெடக்ஸைச் சுருக்கமாக எழுத உதவும் தொகுப்பு). தயங்கவே வேண்டாம். 2015-இல் ரெடக்ஸ் வந்தபோது இருந்த எழுத்து வேலை இப்போது இல்லை. ஆக்‌ஷனுக்கு (என்ன நடந்தது என்ற செய்தி) ஒரு கோப்பு, ரெட்யூசருக்கு (அதற்கேற்பத் தகவலை மாற்றும் ஃபங்ஷன்) ஒரு கோப்பு என்று பிரித்து எழுதிய காலம் 2019-இல் டூல்கிட் வந்ததோடு போயிற்று. யூஸ்செலக்டர் வைத்துத் தேவையான துண்டை மட்டும் எடுத்தால், அந்தத் துண்டு மாறும்போது மட்டும்தான் காம்பொனென்ட் ரீரெண்டர் ஆகும், அதாவது மறுபடி ஓடும். உங்கள் தட்டச்சுத் தாமதம் அன்றைக்கே தீரும்.

வலைநெசவு எழுதியது:

தட்டச்சுத் தாமதத்தைப் பொறுத்தவரை பச்சைப்புள்ளி சொல்வது சரி. ஆனால் காரணத்தைத் தெரிந்துகொண்டால், அதற்காக மட்டும் ஒரு லைப்ரரி கொண்டுவரத் தேவையில்லை என்பதும் தெரியும்.

காண்டெக்ஸ்ட் என்பது தகவலைக் கீழே கொண்டுபோகும் வழி, அவ்வளவுதான். அதன் மதிப்பு மாறியதா என்று ரியாக்ட் பார்ப்பது ஒரே ஒரு ஒப்பீட்டில்: இது அதே ஆப்ஜெக்டா, வேறா? வேறு என்றால் அந்த காண்டெக்ஸ்டைப் படிக்கும் அத்தனை காம்பொனென்ட்டும் ரீரெண்டர் ஆகும். உள்ளே எந்த ஃபீல்டு மாறியது, எதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று ரியாக்ட் பார்ப்பதில்லை. உங்கள் மதிப்பு ஆறு தகவல்கள் கொண்ட ஒரே ஆப்ஜெக்ட். "அ" என்று ஒரு எழுத்து தட்டினால் தேடல் சொல் மாறுகிறது, புது ஆப்ஜெக்ட் பிறக்கிறது, அட்டவணையில் தொடங்கி தீம் நிறத்தை மட்டும் படிக்கும் ஒரு சின்னப் பொத்தான் வரை எல்லாம் மறுபடி ஓடுகிறது. அட்டவணையை மெமோவில் சுற்றினாலும் பயனில்லை. மெமோ ப்ராப்ஸை ஒப்பிட்டு, மாறவில்லையென்றால் ரீரெண்டரைத் தடுக்கும். உள்ளே யூஸ்காண்டெக்ஸ்ட் (காண்டெக்ஸ்டைப் படிக்கும் ஃபங்ஷன்) இருந்தால், அதனால் வரும் ரீரெண்டரைத் தடுக்காது.

இதை நீங்களே பார்க்கலாம். ரியாக்ட் டெவ்டூல்ஸ் என்ற ப்ரவுசர் நீட்சியில், ரெண்டர்களை அளக்கும் ப்ரொஃபைலரைத் திறந்து, அமைப்பில் "ஏன் ரெண்டர் ஆனது" என்று பதிவு செய்யும் வசதியை முடுக்கிவிட்டு, ஒரே ஒரு எழுத்து தட்டிப் பாருங்கள். அட்டவணையின் ஒவ்வொரு வரியும் காண்டெக்ஸ்டைப் படித்தால், ஒவ்வொரு வரியிலும் காண்டெக்ஸ்ட் மாறியது என்றே காரணம் காட்டும்.

இரண்டாவது சிக்கல் வேறு இனம். அதற்கு எந்த லைப்ரரியும் மருந்தாகாது. இரவு விரிவாக எழுதுகிறேன்.

தொடுதிரை எழுதியது:

அதற்குள் ஒரு சின்ன விஷயம். ஐந்தாறு அடுக்கு ப்ராப்ஸ் என்றதும் எல்லாரும் காண்டெக்ஸ்டுக்கு ஓடுகிறார்கள். நடுவில் ஒரு வழி இருக்கிறது. இடையில் இருக்கும் அடுக்குகளுக்கு அந்தத் தகவல் வேண்டியதே இல்லையென்றால், அவற்றைச் சில்ட்ரன் (உள்ளே வைக்க வேண்டிய காம்பொனென்ட்டுகள்) வாங்கும் காம்பொனென்ட்டாக மாற்றுங்கள். தளவமைப்பு காம்பொனென்ட் "எனக்கு இடப்பக்கம் எது, நடுவில் எது" என்று மட்டும் வாங்கட்டும். அட்டவணையை ஆப் காம்பொனென்ட்டே உருவாக்கி, தகவலைக் கையில் கொடுத்து, தளவமைப்புக்குள் வைக்கட்டும். ஐந்து அடுக்கு ஒன்றிரண்டாகிவிடும். காண்டெக்ஸ்டுக்கு முன்னால் இதை முயன்று பாருங்கள் என்று ரியாக்ட் ஆவணமே சொல்கிறது, பலர் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ப்ராப்ஸுக்கு ஒரு பெரிய நன்மை: தகவல் எங்கிருந்து வருகிறது என்று கோடைப் படித்தாலே தெரியும். புதிதாகக் குழுவில் சேர்பவருக்கு அது எவ்வளவு உதவி என்பது, ஆறு மாதம் கழித்துத் தெரியாத ஸ்டோரில் தேடும்போதுதான் புரியும்.

வலைநெசவு எழுதியது:

சரி, இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். மேலே எண் மாறவில்லை, விவரத்தில் பழைய அளவு நிற்கிறது. இதே நோய் ஃபேஸ்புக்குக்கும் வந்தது. மேலே "படிக்காத செய்தி" எண் காட்டும், தட்டினால் புதிதாக ஒன்றுமே இருக்காது. சரிசெய்வார்கள், கொஞ்ச நாளில் திரும்ப வரும். அரட்டைப் பெட்டி, செய்திப் பக்கம், மேலே எண் என மூன்றும் ஒரே உண்மையைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு, ஒன்றையொன்று திருத்த முயன்றதுதான் காரணம். 2014-இல் ஃப்ளக்ஸ் என்ற முறையை அவர்கள் அறிமுகப்படுத்தியபோது இந்த எண்ணைத்தான் உதாரணமாகக் காட்டினார்கள். தகவல் ஒரே திசையில் ஓட வேண்டும், உண்மை ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ரெடக்ஸ் அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் ரெடக்ஸ் ஸ்டோருக்குள்ளேயே "பொருள்கள்", "தேர்ந்தெடுத்த பொருள்", "குறைவு எண்ணிக்கை" என்று மூன்றையும் தனித்தனியாக வைத்தால், அதே பூச்சி (பிழை) அங்கேயும் குடியேறும். அதனால் எந்தக் கருவி என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது: இந்தத் தகவல் யாருடையது?

உங்கள் பட்டியலை எடுத்துக்கொள்வோம். பொருள் பட்டியல் உங்கள் திரையுடையதே அல்ல, சர்வருடையது. ப்ரவுசரில் இருப்பது ஒரு பிரதி, அதுவும் எடுத்த நொடியிலிருந்து பழசாகிக்கொண்டிருக்கும் பிரதி. பக்கத்துக் கிடங்கில் ஒருவர் இருப்பைக் குறைத்தால் உங்கள் ஸ்டோருக்கு எப்படித் தெரியும்? அதனால் இதற்கு வேண்டியது சர்வர் தகவலுக்கான கேஷ், அதாவது வாங்கிய பதில்களைச் சேர்த்து வைத்துப் புதுப்பிக்கும் லைப்ரரி: டான்ஸ்டாக் குவெரி, எஸ்டபிள்யூஆர், ரெடக்ஸ் பக்கம் போனால் ஆர்டிகே குவெரி. டான்ஸ்டாக்கில் இரண்டு காம்பொனென்ட் ஒரே கீயைக் (கேஷில் அந்தத் தகவலின் பெயர்) கேட்டால், ஒரே கோரிக்கைதான் சர்வருக்குப் போகும், இரண்டும் ஒரே பதிலைப் பார்க்கும். பகிர்வு என்பது அங்கே தானாக நடந்துவிடுகிறது. நீங்கள் மேலிருந்து எதையும் இறக்க வேண்டியதில்லை. வேறு டேபுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், பிரதி பழசாகிவிட்டிருந்தால் தானே புதுப்பித்தும் கொள்ளும்.

தேர்ந்தெடுத்த பொருளில் நீங்கள் முழு ஆப்ஜெக்டையும் ஸ்டேட்டில் (காம்பொனென்ட் நினைவில் வைத்திருக்கும் தகவல்) வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வரியைத் தட்டிய நொடியில் எடுத்த படம் அது. பட்டியல் புதிதாக வந்தாலும் அந்தப் படம் மாறாது. ஐடியை மட்டும் வையுங்கள். விவரப் பலகை அந்த ஐடியை வைத்து கேஷிலிருந்து பொருளை எடுத்துக்கொள்ளட்டும். உங்கள் "பழைய அளவு" சிக்கல் அத்தோடு முடிந்தது.

குறைவு எண்ணிக்கை கணக்கிட்டு வருவது. கணக்கிட முடிந்ததை ஸ்டேட்டில் வைக்காதீர்கள். பட்டியலிலிருந்து ரெண்டர் நேரத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். யூஸ்எஃபெக்ட் (ரெண்டர் முடிந்த பின் ஓடும் கோடு) போட்டு, பட்டியல் மாறும்போது எண்ணை மாற்றும் கோடு எங்காவது இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

தேடல் சொல்லும் கிடங்குத் தேர்வும் யூஆர்எல்லுக்கு, அதாவது பக்கத்தின் முகவரிக்கு, உரியவை. உள்நுழைந்தவர், தீம் இரண்டுக்கும் காண்டெக்ஸ்ட் நன்றாகப் பொருந்தும். எப்போதாவது மாறும், எங்கும் தேவைப்படும். இரண்டையும் தனித்தனி காண்டெக்ஸ்ட்டாக வையுங்கள்.

பச்சைப்புள்ளி எழுதியது:

இப்படிப் பிரித்துவிட்டால் ஸ்டோருக்கு என்னதான் மிச்சம்?

வலைநெசவு எழுதியது:

இந்தத் திரைக்கு அநேகமாக ஒன்றுமில்லை. பல திரைகளில் நிலைமை இதுதான். ரெடக்ஸை ஆண்ட்ரூ கிளார்க்குடன் சேர்ந்து எழுதிய டான் அப்ரமோவே, உங்களுக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம் என்று 2016-இலேயே எழுதிவிட்டார். ஆனால் ஸ்டோர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படம் வரையும் கருவி, பல படிகள் கொண்ட பெரிய விண்ணப்பம், செய்ததைத் திரும்பப் பெறும் வசதி வேண்டிய எடிட்டர், இவற்றிலெல்லாம் ப்ரவுசரிலேயே பிறந்து வளரும் தகவல் நிறைய இருக்கும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரலாறு வேண்டியிருக்கும். அங்கே ரெடக்ஸ் போட்ட காசுக்கு உழைக்கும்.

கிடங்குத்திரை எழுதியது:

மிகவும் நன்றி. முழு ஆப்ஜெக்டைத்தான் வைத்திருந்தோம், ஐடிக்கு மாற்றியதும் விவரப் பலகை சரியாகிவிட்டது. ஆனால் குறைவு எண்ணிக்கையில் ஒரு முட்டுக்கட்டை. அட்டவணைக்குப் பக்கத்துக்கு 50 பொருள் வீதம்தான் சர்வர் அனுப்புகிறது. அதை எண்ணினால் அந்தப் பக்கத்தின் குறைவுதான் வரும், மொத்தம் வராது.

அப்புறம் யூஆர்எல் விஷயம். தேடல் சொல்லை அதில் வைத்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் முகவரி மாறுமே?

வலைநெசவு எழுதியது:

பக்கம் பக்கமாக வருகிறது என்றால் என் பதில் மாறுகிறது. அப்போது மொத்த எண்ணிக்கையும் சர்வருடைய தகவல். அதற்குத் தனிக் குவெரி, அதாவது சர்வரிடம் தனிக் கோரிக்கை, வேண்டும். இரண்டையும் ஒத்திசைய வைப்பது கீயின் அமைப்பில் இருக்கிறது. பட்டியலின் கீ "இருப்பு, பட்டியல், கிடங்கு, பக்க எண்" என்றும், எண்ணிக்கையின் கீ "இருப்பு, குறைவு" என்றும் ஒரே சொல்லில் தொடங்கட்டும். படிவம் சேமித்து முடிந்ததும் "இருப்பு" என்று தொடங்கும் எல்லாமே பழசு என்று அறிவித்துவிடுங்கள். முன்னொட்டு பொருந்தும் அத்தனை குவெரியும் பழசாகக் குறிக்கப்படும், திரையில் இருப்பவை உடனே மறுபடி வாங்கப்படும். படிவத்துக்குத் தலைப்பட்டை இருப்பதே தெரிய வேண்டாம். நாளைக்கு இன்னொரு இடத்தில் வரைபடம் ஒன்று சேர்த்தாலும், அதன் கீயும் "இருப்பு" என்று தொடங்கினால் படிவத்தைத் தொட வேண்டியதில்லை.

யூஆர்எல்லுக்கு: தட்டிக்கொண்டிருக்கும் எழுத்து தேடல் பெட்டியின் சொந்த ஸ்டேட்டில் இருக்கட்டும். தட்டுவதை நிறுத்தி 300 மில்லிசெகண்ட் ஆனதும் யூஆர்எல்லுக்கு அனுப்புங்கள். புது வரலாற்றுப் பதிவாகச் சேர்க்காமல் இருப்பதையே மாற்றி எழுதுங்கள், இல்லையென்றால் பின்செல்லும் பொத்தானை அழுத்துகிறவர் எழுத்து எழுத்தாகப் பின்னால் போவார். சஃபாரி இன்னும் கண்டிப்பு: குறுகிய நேரத்தில் நூறு முறைக்கு மேல் முகவரியை மாற்றினால் பிழை வீசும். கிடங்கை மாற்றுவது வேறு, அது ஒரு முழுச் செயல், அதற்குப் புதுப் பதிவு சரி.

யூஆர்எல்லில் வைத்தால் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தாலும் ஃபில்டர் நிற்கும், இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மேலாளருக்கும் அதே பட்டியல் திறக்கும். ஃபில்டர் பலகையும் அட்டவணையும் ஒரே யூஆர்எல்லைப் படிப்பதால் அவற்றுக்கிடையே பகிர்வு வேலையே கிடையாது.

தொடுதிரை எழுதியது:

பிரதி எடுக்கவே கூடாது என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. திருத்தும் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பயனர் 40 என்பதை அழித்து 35 என்று தட்டிக்கொண்டிருக்கிறார், இன்னும் சேமிக்கவில்லை. அது சர்வரின் தகவல் இல்லை, கேஷிலும் எழுத முடியாது. ஸ்டேட்டில் பிரதி எடுத்துத்தானே ஆக வேண்டும்?

வலைநெசவு எழுதியது:

முக்கியமான கேள்வி. படிவத்தில் இருப்பது பிரதி இல்லை, வரைவு. சர்வரில் இருப்பு 40. பயனர் மனதில் 35. இரண்டும் வெவ்வேறு உண்மைகள், இரண்டையும் வைத்திருக்கலாம். சிக்கல் வருவது இரண்டையும் யூஸ்எஃபெக்ட் போட்டு ஒத்திசைக்கப் பார்க்கும்போது. பயனர் தட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் பட்டியல் புதுப்பிக்கப்பட்டு, அவர் தட்டியது அழிந்துபோகும்.

நான் செய்வது இதுதான். வரைவில் பயனர் கை வைத்த ஃபீல்டுகளை மட்டும் வைப்பேன். திரையில் காட்டும்போது, வரைவில் இருந்தால் அது, இல்லையென்றால் கேஷில் இருப்பது. விலையைத் தொடாமல் அளவை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால், சர்வரில் விலை மாறினாலும் புது விலையே தெரியும். வேறு பொருளைத் தேர்ந்தெடுத்தால் வரைவு போக வேண்டும். அதற்குப் படிவக் காம்பொனென்ட்டுக்குப் பொருளின் ஐடியையே ரியாக்டின் கீயாகக் (குவெரியின் கீ அல்ல) கொடுத்தால் போதும். ஐடி மாறியதும் ரியாக்ட் பழைய படிவத்தைக் கலைத்துப் புதிதாகக் கட்டும்.

சேமிக்கும்போது, எந்தப் பதிப்பைப் பார்த்துத் திருத்தினோம் என்ற எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். அதற்குள் இன்னொருவர் மாற்றியிருந்தால் சர்வர் 409 (முரண்பாடு என்று சொல்லும் பதில் எண்) திருப்பட்டும், பயனரிடம் கேளுங்கள். சரக்குக் கணக்கில் ஒருவர் எண்ணை இன்னொருவர் ஓசையில்லாமல் அழிப்பது திரைக் கோளாறோடு நிற்காது, கிடங்கில் ஆளை விட்டு எண்ண வைக்கும்.

தொடுதிரை எழுதியது:

வரைவு, பிரதி என்று பிரித்தது தெளிவாக இருக்கிறது. தொட்ட ஃபீல்டுகளை மட்டும் வைப்பது நான் செய்யாதது, முயன்று பார்க்கிறேன்.

கோணமானி எழுதியது:

நான் ஆங்குலர் ஆள், வியூவும் கொஞ்சம் பழக்கம் (இரண்டும் ரியாக்ட் போலத் திரை கட்டும் கருவிகள்). இழை முழுக்க ரியாக்டாக இருப்பதால் அந்தப் பக்கம் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன், அடிப்படைக் கேள்வி எங்களுக்கும் அதேதான்.

ஆங்குலரில் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே இன்புட், அவுட்புட். அதைத் தாண்டினால் சர்வீஸ், அதாவது காம்பொனென்ட்டுகள் பகிரும் பொது ஆப்ஜெக்ட். ரூட்டில் கொடுத்த சர்வீஸ் ஆப் முழுக்க ஒன்றே ஒன்று. ஒரு காம்பொனென்ட்டின் ப்ரொவைடர்ஸில் கொடுத்தால் அந்தக் காம்பொனென்ட்டுக்கும் அதன் பிள்ளைகளுக்கும் தனிப் பிரதி. ஒரே அட்டவணையை ஒரு பக்கத்தில் இரண்டு முறை வைக்கும்போது இந்த வேறுபாடு கழுத்தைப் பிடிக்கும், ஒன்றில் ஃபில்டர் போட்டால் மற்றதும் மாறும். முன்பு பிஹேவியர்சப்ஜெக்ட் (கடைசி மதிப்பை வைத்திருந்து மாற்றத்தைச் சொல்லும் ஆப்ஜெக்ட்) வைத்துச் சுற்றினோம். 2023 மே மாதம் பதிப்பு 16-இல் சிக்னல்ஸ் (மாறினால் தானே தெரிவிக்கும் மதிப்புகள்) வந்த பிறகு, சர்வீஸுக்குள் ஒரு சிக்னல், கணக்கிட்டு வருவதற்கு கம்ப்யூட்டட், அவ்வளவில் பெரும்பாலான வேலை முடிகிறது.

வியூவில் தூரத்து வாரிசுக்கு ப்ரொவைட், இன்ஜெக்ட். ஸ்டோருக்கு இப்போது அதிகாரப்பூர்வப் பரிந்துரை வியூஎக்ஸ் இல்லை, பினியா. அதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஸ்டோரிலிருந்து மதிப்புகளை நேரடியாகப் பிரித்தெடுத்தால் ரியாக்டிவிட்டி அறுந்துவிடும், திரை உறைந்தது போல நிற்கும். ஸ்டோர்டூரெஃப்ஸ் வழியாக எடுக்க வேண்டும்.

பச்சைப்புள்ளி எழுதியது:

ஜுஸ்டாண்ட் பக்கம் போகிறவர்களுக்கும் அப்படி ஒன்று. செலக்டருக்குள் (ஸ்டோரிலிருந்து துண்டை எடுக்கும் ஃபங்ஷன்) புது ஆப்ஜெக்டோ புது அரேயோ உருவாக்கித் திருப்பினால், ஒவ்வொரு முறையும் "மாறிவிட்டது" என்று தோன்றும். பதிப்பு 5-இல் அது முடிவில்லாத ரெண்டர் சுழலாகவே போய்ப் பிழை விழும். ஃபில்டர் செய்த அரேயைத் திருப்ப வேண்டுமென்றால் யூஸ்ஷாலோவில் (உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடும்) சுற்றுங்கள். ரெடக்ஸில் சுழல் வராது, ஆனால் எந்த ஆக்‌ஷன் நடந்தாலும் அந்தக் காம்பொனென்ட் வீணாக ரீரெண்டர் ஆகும், அங்கே முடிவை நினைவில் வைக்கும் க்ரியேட்செலக்டர் போடுங்கள்.

அடுக்குமாடி எழுதியது:

யாரும் சொல்லாத ஒன்று, தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். நெக்ஸ்ட் போன்ற, சர்வரிலும் ரெண்டர் ஆகும் அமைப்பில் ஸ்டோரை மாட்யூலின் தலையில் ஒரே மாறியாக உருவாக்காதீர்கள். ப்ரவுசரில் ஒவ்வொரு பயனருக்கும் தனி நினைவகம், அதனால் சிக்கல் தெரியாது. சர்வரில் ஒரே ப்ராசஸ் பலருடைய கோரிக்கைகளைக் கையாளும். அந்த ஸ்டோரில் உள்நுழைந்தவர் விவரத்தை எழுதினால், ஒருவருடைய பெயரும் தகவலும் அடுத்தவருடைய பக்கத்தில் அச்சாகி வெளியே போக வாய்ப்பு உண்டு. உங்கள் கணினியில் நீங்கள் ஒருவரே சோதிக்கும்போது இது ஒருபோதும் கண்ணில் படாது. கோரிக்கைக்கு ஒரு ஸ்டோர் உருவாக்கி, அதை காண்டெக்ஸ்ட் வழியாக இறக்குங்கள். ஸ்டோர் எப்போதும் அதே ஆப்ஜெக்டாக இருக்கும் என்பதால் வலைநெசவு சொன்ன ரீரெண்டர் வெள்ளமும் வராது. டான்ஸ்டாக் குவெரியின் கிளையண்டுக்கும் இதே விதி.

கிடங்குத்திரை எழுதியது:

எங்களுடையது ப்ரவுசரில் மட்டும் ஓடுவது, இருந்தாலும் குறித்துக்கொண்டேன். பெரிய காண்டெக்ஸ்டைக் கலைத்துவிட்டோம். தேடல் பெட்டி இப்போது தடையின்றி ஓடுகிறது, சிவப்பு எண்ணும் சேமித்தவுடன் மாறுகிறது. ரெடக்ஸ், ஜுஸ்டாண்ட் எதுவும் சேர்க்கவில்லை.

கடைசியாக ஒன்று. கிடங்கில் இருப்பவர்கள் இரண்டு மூன்று டேப் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒரு டேபில் சேமித்தால் அடுத்த டேபில் எண் உடனே மாற வேண்டும் என்கிறார்கள். லோக்கல்ஸ்டோரேஜில் (ப்ரவுசரின் சேமிப்பிடம்) எழுதி, ஸ்டோரேஜ் நிகழ்வைக் கேட்கலாமா?

வலைநெசவு எழுதியது:

கேட்கலாம். எழுதிய டேபிலேயே அந்த நிகழ்வு எழாது, மற்ற டேபில் மட்டும்தான் எழும், அது உங்களுக்கு வசதியே. ஆனால் தகவலை அங்கே எழுதாதீர்கள், இன்னொரு பிரதி பிறந்துவிடும். டேபுகளுக்கிடையே செய்தி அனுப்பும் பிராட்காஸ்ட்சேனல் இதற்குச் சுத்தமான வழி, சஃபாரியிலும் 15.4 முதல் இருக்கிறது. சேமித்து முடிந்ததும் "இருப்பு பழசாகிவிட்டது" என்று ஒரு செய்தி மட்டும் அனுப்புங்கள், எண் எதுவும் வேண்டாம். மற்ற டேப் அதைக் கேட்டதும் "இருப்பு" என்று தொடங்கும் குவெரிகளைப் பழசாக்கி சர்வரிடம் தானே கேட்டுக்கொள்ளட்டும்.

வேறு கணினியில் நடக்கும் மாற்றமும் உடனே தெரிய வேண்டுமென்றால் வெப்சாக்கெட்டோ (சர்வருடன் திறந்தே இருக்கும் இணைப்பு), சர்வர் அனுப்பும் நிகழ்வோ வேண்டும். அங்கேயும் அதே செய்தி, அதே கையாளும் ஃபங்ஷன். டேபுக்கு எழுதியதை அப்படியே அதில் மாட்டிவிடலாம்.